ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஹாஸ்டல் கொசுக்கள் என்னைவிட நலம். அப்பாவின் கை எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் தொழில்நுட்பமும் வடிவமைப்பும் என்ற பாடத்தில் பரீட்சைக்குப் பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி, நாங்களே ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து காட்டுவதற்கு. முதல் நாளே சார் எல்லாரையும் வரையச் சொன்னார். முக்கால்வாசிப் பேர் பேனா ஸ்டாண்ட் வரைந்தார்கள். சார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, "இது யாருக்கு?" என்று கேட்டார். "எல்லாருக்கும் சார்" என்றான் ஒருவன். "எல்லாருக்கும்னா யாருக்கும் இல்லேன்னு அர்த்தம். முகம் தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. அந்த ஆளுக்கு ஒரு கஷ்டம் இருக்கணும். அதை நீங்க தீர்க்கணும்." அந்த ஆளுக்குப் பாடப்புத்தகத்தில் 'பயனர்' என்று பெயர்.

இப்போது வகுப்பே கஷ்டப்படுகிற ஆளைத் தேடி அலைகிறது. பக்கத்து பெஞ்சுக்காரி, "உங்க தெருவுல கண்ணு தெரியாதவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. என் பயனர் நம் வீட்டிலேயே இருக்கிறார்.

பக்கவாதம் வந்த கையால் தம்ளரைத் தூக்க உதவும் ஒரு கைப்பிடி செய்யப் போகிறேன். அப்பாவின் வலது உள்ளங்கை அகலம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எவ்வளவு விரிகிறது, தம்ளரின் சுற்றளவு, மூன்றையும் அளந்து எழுது. பிறகு அரைத் தம்ளர் தண்ணீரைப் பத்து முறை தூக்கச் சொல். எத்தனை முறை சிந்துகிறது என்று எண்ணு. எல்லாம் தாளில் வேண்டும். நம் கடிதங்களை ஆதாரமாக, சாரிடம் கொடுக்கும் கோப்பில் வைக்க வேண்டும்.

முதல் மதிப்பெண் எடுக்கிறவருக்கு வடிவமைப்புக் கல்லூரியில் நேரடியாக இடம். இல்லாவிட்டால் உனக்கே தெரியும், உன் பக்கத்தில் இன்னொரு இஸ்திரிப் பெட்டி எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அளவுகோல்


ஆகஸ்ட் 20

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். அப்பாவுக்குப் பசி திரும்பிவிட்டது, கோபமும் திரும்பிவிட்டது. இரண்டும் நல்ல அறிகுறி என்கிறார் பிசியோதெரபி செய்ய வருகிற டாக்டரம்மா. நீ கொசுவலை கட்டிக்கொள்.

உள்ளங்கை ஒன்பது சென்டிமீட்டர். விரல் விரிவது நாலரை. தம்ளரைச் சுற்றி வர இருபத்து மூன்று. பத்து முறை தூக்கியதில் எட்டு முறை சிந்தியது. முதல் முறை உதட்டருகே போய்ச் சரிந்து சட்டையெல்லாம் நனைந்தது. "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்று அவரே சிரித்தார். நீ அளக்கச் சொன்னாய் என்றதும், "பொறந்ததிலிருந்து அளந்துக்கிட்டுத்தான் இருக்கா. இப்ப என்னையும் விடலையா?" என்றார். ஆனால் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ஏதோ போட்டோ எடுக்கிற மாதிரி.

டாக்டரம்மா தினமும் காலை ஆறு மணிக்கு வருகிறார். ஒரு மணி நேரம் பயிற்சி. துண்டைப் பிழியச் சொல்கிறார், ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார். நான் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "மொதல் ஆறு மாசம்தான் கைக்கு உயிர். அதுக்குள்ள எவ்வளவு வாங்குறோமோ அவ்வளவுதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அதில் ஒரு மாதம் போய்விட்டது. டிப்போவில் ஜனவரி இருபது வரை அப்பாவின் இடத்தை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு பஸ்ஸில் ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். இருபத்து இரண்டு வருடம் ஓட்டியவருக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. டீ குடிக்கும்போதும் இடது கை தம்ளரில், வலது கை பந்தில்.

நன்றாகப் படி. குளிர்ந்த தண்ணீரில் தலை குளிக்காதே.

உன் அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்கு ஜலதோஷம், தலை குளித்ததால்தான். சிரிக்காதே.

முதல் மாதிரி தயார். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பிளைவுட்டில் அறுத்து, கை படுகிற இடத்தில் ரப்பர் ஷீட் ஒட்டி, மேலே வெல்க்ரோ பட்டை வைத்திருக்கிறேன். நாலு விரலையும் உள்ளே நுழைத்துப் பட்டையை இழுத்துவிட்டால் போதும், பிடிக்க வேண்டியதே இல்லை. ஒரு விளிம்பைத் தேய்க்கும்போது என் நகமும் சேர்ந்து தேய்ந்தது. அந்த விளிம்புதான் அழகாக வந்திருக்கிறது.

உன் கடிதத்தை சாரிடம் காட்டினேன். அளவுகள் துல்லியம் என்றார். ஆனால் சட்டை மாற்றியது, சிரித்தது எல்லாம் வேண்டாமாம். அதனால் கோப்புக்கு எழுதும்போது 'அப்பா' என்று எழுதாதே. 'பயனர்' என்று எழுது.

கைப்பிடியோடு பத்து முறை, வெறும் கையால் பத்து முறை. இரண்டையும் தனித்தனியாக எண்ணு.

அப்பா என்னைப் பற்றிப் பேசினாரா? உன் இடுப்பு வலி எப்படி?

உன்
அளவுகோல்


அக்டோபர் 6

அன்புத் தங்கைக்கு,

பயனர் நலம். பயனரின் மூத்த மகளும் நலம். பயனருக்கு இரண்டு நாளாக மலச்சிக்கல். இதைக் கோப்பில் வைக்கலாமா என்று சாரிடம் கேட்டுச் சொல்.

கிண்டல் போதும். உன் கைப்பிடியைத் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டியாகிவிட்டது. "எம் பொண்ணு செஞ்சது, கடையில கிடைக்காது" என்று ஒரே பெருமை. செப்டம்பர் இருபதில் வெறும் கையால் தூக்கியபோது ஆறு முறை சிந்தியது, கைப்பிடியோடு மூன்று முறைதான். நேற்று மறுபடி பார்த்தோம். கைப்பிடியோடு மூன்று முறை. வெறும் கையாலும் மூன்றே முறை!

அடியே, கேட்டாயா? வெறும் கையால் மூன்று! டாக்டரம்மாவே கை தட்டினார். இன்று காலை நான் அடுப்படியில் இருந்தபோது அப்பா எழுந்து, தானே தம்ளரில் ஊற்றி, நின்றபடி குடித்துவிட்டு, காலித் தம்ளரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைப்பிடியை அலமாரியின் மேல் எடுத்து வைத்துவிட்டோம். இப்படியே போனால் ஜனவரியில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு நேராக உன் ஹாஸ்டல் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார்.

ஜலதோஷம் போயிற்றா? சூடாக ஏதாவது குடி.

உன் அக்கா


அக்டோபர் 11

அக்கா,

நலம்தான். இந்தக் கடிதம் கோப்புக்கு இல்லை. படித்ததும் கிழித்துவிடு.

உன் எண்களை சாரிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "கைப்பிடி இல்லாமலே மூணுதான் சிந்துதுன்னா, உன் கைப்பிடி எதுக்கு?" என்று வகுப்புக்கு முன்னாலேயே கேட்டார். பின் பெஞ்சில் எவனோ, "பேனா ஸ்டாண்டாவே செஞ்சிருக்கலாம்" என்றான். என் மூக்கு உடைந்ததுதான் மிச்சம்.

சார் எங்களுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருக்கிறார். சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். நாம் இரண்டை ஒன்றாகச் செய்துவிட்டோம். கைப்பிடியும் உண்டு, பயிற்சியும் உண்டு. எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்? தப்பு என்னுடையதுதான். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் ஐந்தாம் தேதி கோப்பை ஒப்படைக்க வேண்டும். இப்போது பயனரை மாற்ற நேரமில்லை. அதனால் ஆறே ஆறு வாரம் பயிற்சியை நிறுத்தி வை. டாக்டரம்மா வர வேண்டாம், பந்து வேண்டாம், துண்டு வேண்டாம். கைப்பிடி மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எண்ணி எழுது. டிசம்பரில் விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம். ஜனவரி இருபதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை


அக்டோபர் 15

தங்கைக்கு,

நலம். கிழித்துவிட்டேன்.

நீ எழுதியது உனக்குப் புரிந்ததா? அது அப்பாவின் கை. லேத்தில் மாட்டியிருக்கிற கட்டை இல்லை, வேண்டும்போது நிறுத்தி வைக்க. டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், யாருக்கோ என்பதுபோல. "ஆறு வாரமா? அதுக்கு மொதல்லயே ஆரம்பிக்காம இருந்திருக்கலாம்" என்றார்.

உன் சாரிடம் உண்மையைச் சொல். பயனர் தேறிவிட்டார் என்று எழுது. அதற்குக்கூடவா மதிப்பெண் கிடைக்காது?

சாப்பிடு. கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா


அக்டோபர் 17

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

பயனர் தேறிவிட்டார் என்று எழுதினால் டாக்டரம்மாவுக்கு வேண்டுமானால் மதிப்பெண் போடுவார்கள். எனக்குப் போட மாட்டார்கள்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா போனதால்தான் நீ படிப்பை நிறுத்தினாய் என்று ஊரெல்லாம் நம்புகிறது. அலமாரியின் அடித்தட்டில் நீ கணக்கில் தோற்ற மார்க் ஷீட்டைப் பார்த்தவள் நான். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் இங்கிருந்து தோற்று வந்தால் உனக்குத் துணை கிடைக்கும், இல்லையா? தானும் படுக்க மாட்டாள், தள்ளியும் படுக்க மாட்டாள் என்பார்கள். அது நீதான்.

உன்னால் முடியாது என்றால் நான் அப்பாவுக்கே நேரடியாக எழுதுகிறேன். 'என் படிப்புக்காக ஆறு வாரம் கையை விட்டுக் கொடுப்பீர்களா?' என்று மகள் கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? சரி என்பார். பிறகு ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கிடப்பார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டுமா என்று நீயே முடிவு செய்.

செய்வதாக இருந்தால், கடைசி வாரம் ஒரு போட்டோவும் வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். முகம் வேண்டாம், கை மட்டும். விரல்கள் மடங்கியிருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

உன் தங்கை


நவம்பர் 30

வடிவமைப்புக் கோப்புக்காக.

பயனர் நலம்.

அக்டோபர் 20: வெறும் கை, மூன்று முறை சிந்தியது. கைப்பிடியோடு மூன்று.
நவம்பர் 3: வெறும் கை, நான்கு. கைப்பிடியோடு மூன்று.
நவம்பர் 17: வெறும் கை, ஆறு. கைப்பிடியோடு மூன்று.
நவம்பர் 30: வெறும் கை, எட்டு. கைப்பிடியோடு மூன்று.

இந்த ஆறு வாரத்தில் பயனருக்கு வேறு பயிற்சி எதுவும் தரப்படவில்லை. போட்டோ இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பயனரின் மகள்


டிசம்பர் 24

என் செல்ல அக்காவுக்கு,

நீ நலமா, அப்பா நலமா, தெருவே நலமா? நான் நலம், நலம், நலம்! முதல் மதிப்பெண் எனக்குத்தான்!

உன் எண்களை வைத்து வரைபடம் போட்டேன். ஒரு கோடு ஏறுகிறது, ஒரு கோடு அசையாமல் நிற்கிறது. சார் வகுப்பில் தூக்கிக் காட்டி, "சோதனைன்னா இதுதான்" என்றார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கையைப் பார்த்தா மனசு என்னவோ பண்ணுது" என்றார். கல்லூரி இடம் உறுதி.

நான் அன்றைக்கு எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. பரீட்சை பயத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். நீ எவ்வளவு நல்லவள் என்று எனக்குத் தெரியாதா? பயிற்சியை இந்நேரம் தொடங்கியிருப்பாய். அப்பா மறுபடி மூன்றுக்கு வந்துவிட்டாரா?

பிப்ரவரி கடைசியில் கண்காட்சி. பெரிய பலகையில் என் கைப்பிடி, அதன் பக்கத்தில் அப்பாவின் கை. அதற்கு ஒரு வரி வேண்டும்: பயனர் இப்போதும் அதைப் பயன்படுத்துகிறாரா? உன் கையால் தாளில் எழுதி அனுப்பு. உடனே வேண்டும்.

அப்பாவைக் கட்டிக்கொண்டதாகச் சொல்.

உன்
அளவுகோல்


பிப்ரவரி 11

(முதல் தாள்)

கண்காட்சிக்காக.

பயனர் இந்தக் கைப்பிடியைத் தினமும் பயன்படுத்துகிறார். இது இல்லாமல் அவரால் வலது கையால் தண்ணீர் குடிக்க முடியாது.

பயனரின் மகள்

(இரண்டாம் தாள்)

தங்கைக்கு,

ஏழு வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் பேனாவை உடைத்துவிடலாம் போல இருந்தது.

அந்த ஆறு வாரமும் அப்பாவிடம் டாக்டரம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். டாக்டரம்மாவிடம் அப்பாவை உறவினர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னேன். பந்தை நான்தான் எடுத்து ஒளித்தேன். அது இல்லாமல் அவர் வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தார். "கையைச் சும்மா வைங்கப்பா, டாக்டரம்மா திட்டுவாங்க" என்றேன். நம்பினார். ஆறு மணி ஆனதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கதவைப் பார்த்து உட்காருவார். நாலாவது வாரம் மடிப்பதை விட்டுவிட்டார்.

உன்மேல் மட்டும் பழி போட எனக்கு வாய் இல்லை. உன் கடிதத்துக்குப் பயந்தது உண்மை. ஆனால் பிறகு நடந்தது வேறு. அந்தக் காலை ஒரு மணி நேரம் எனக்குத் தூக்கம் கிடைத்தது. நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவளுக்கு அந்தத் தூக்கம் தேனாக இனித்தது. மூன்றாவது வாரமே விரல்கள் இறுகுவது தெரிந்தது. தெரிந்தும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

டிசம்பரில் டாக்டரம்மா வந்து கையைத் தொட்டதுமே என்னைத்தான் பார்த்தார். ஒன்றரை மாதம் தினமும் முயன்றார். விரல் விரியவில்லை.

ஜனவரி இருபது காலையில் அப்பா சவரம் செய்துகொண்டு, யூனிபார்மைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினார். அந்தச் சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். சீட்டில் ஏறிவிட்டார். வலது கையை இடது கையால் தூக்கி ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். அது வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. "போதும், எறங்குங்கண்ணே" என்றார் மேனேஜர். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். இறங்கும்போது அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், "எஞ்சின்ன பொண்ணு தம்ளருக்கு ஒரு பிடி செஞ்சிருக்கா. ஸ்டியரிங்குக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன்."

அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. தன் விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ முதல் மதிப்பெண் வாங்கியதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கண்காட்சிக்கு வர வேண்டுமாம். கூட்டி வரட்டுமா? அவர் கையின் போட்டோவுக்கு முன்னால் அவரை நிறுத்தி வைக்க உன்னால் முடியுமா?

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இரண்டு தாள்களும் கிடைத்தன.

முதல் தாள் பிரமாதம். 'இது இல்லாமல் அவரால் வலது கையால் தண்ணீர் குடிக்க முடியாது' என்ற வரியை சார் சத்தமாகப் படித்தார். அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பலகையின் தலைப்பாகவே வைக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் தாளையும் படித்தேன். அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. பிறகு அதைக் கிழித்துவிட்டேன். நீயும் இனி யாரிடமும் பேசாதே. நான் ஆறு வாரம் என்றுதான் சொன்னேன். தூங்கச் சொன்னது நான் இல்லை.

அப்பாவைக் கூட்டி வராதே. பயணம் அவருக்கு ஆகாது.

இன்னொரு விஷயம். கல்லூரியில் பெயருக்கு ஒரு நேர்காணல் வைத்து, "அடுத்து என்ன செய்யப் போறே?" என்று கேட்டார்கள். சட்டென்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. அப்பா டிப்போவில் சொன்னது நினைவுக்கு வந்தது. கை வராத ஓட்டுநர்களுக்கான ஸ்டியரிங் பிடி என்றேன். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் வருடத்துக்கு அதுதான் என் வேலை. ஜூனில் தொடங்க வேண்டும்.

டாக்டரம்மா இன்னும் வருகிறாரா? அப்படியென்றால் ஜூன் வரை நிறுத்தச் சொல். இந்த முறை முதலிலிருந்தே சரியாகச் செய்வோம். விரல் எவ்வளவு விரிகிறது என்று அளந்து அடுத்த கடிதத்தில் எழுது.

அப்பாவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அளவுகோல்